கால் முளைத்த பஞ்சு

வாட்ச்காரர் தன் வாட்ச் ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அவர் மனைவி கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தாள். இன்னும் வெளிச்சம் போகவில்லை. தூங்கும் நேரமும் இல்லை, கொசு வரும் நேரமும் இல்லை. வலைக்குள் அவளோடு ஒரு மூட்டைப் பஞ்சும், பாதி அடைத்த தலையணைகளும், பஞ்சைக் குத்தி உள்ளே தள்ளும் கம்பும் இருந்தன. அவளுடைய தலைமுடி, புருவம், மூக்கு நுனி எல்லாம் வெள்ளை.

"என்னது இது?" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"பார்த்தா தெரியல? வேலை செய்றேன்."

"வலைக்குள்ளயா?"

"பஞ்சு வெளிய பறக்கக் கூடாதில்ல, அதான்."

"கொசு உள்ள வரக்கூடாதுன்னு வாங்கின வலைம்மா இது. இப்ப கொசு வெளிய ஜாலியா சுத்துது, நீ உள்ள மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க."

"சிரிப்பு மூட்டாதீங்க. மூக்குல பஞ்சு போயிருக்கு, சிரிச்சா தும்மி..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. தும்மிவிட்டாள். வலைக்குள் பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. வாட்ச்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நேராகக் கூடத்து ஜன்னலுக்குப் போனாள். அங்கே ஒரு தொட்டியில் அகல அகலமான பச்சை இலைகளோடு ஓர் ஆர்க்கிட் இருந்தது. நடுவிலிருந்து ஒரு தண்டு வளைந்து மேலே போய், நுனியில் ஆறு மொட்டுகளைத் தாங்கியிருந்தது. அவள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். இலையும் தண்டும் சேரும் இடுக்கில் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சுத் துணுக்குகள்.

"மறுபடியும் வந்திருச்சு," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "காலையிலதான் துடைச்சேன். அக்கா சொன்னது சரிதாங்க. என் பஞ்சு உதிருது."

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வருஷக் கதை இருக்கிறது.

வாட்ச்காரர் மனைவி சின்னவள் வீட்டிலேயே தலையணை தைப்பவள். பிறந்த வீட்டில் அவள் இளையவள், அதனால் எல்லோருக்கும் சின்னவள். ஓரத்தில் ஒரு முறை தைத்து, மடித்து, அதன்மேல் இன்னொரு முறை தைப்பாள். தலையணையால் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டால்கூட ஓர் இழை வெளியே வராது என்று சொல்லித்தான் விற்பாள். அவளுக்கு ஒரே அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்தாலும் கையில் சிவப்புப் பேனா பிடித்திருப்பது போலத்தான் எதையும் பார்ப்பாள்.

போன வருஷம் அக்கா புது வீட்டுக்குக் குடிபோனபோது, சின்னவள் இருப்பதிலேயே நல்ல துணியெடுத்து ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். அக்கா அதை ஜன்னலோர நாற்காலியில் போட்டாள். கொஞ்ச நாள் கழித்துச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் கூடியிருந்த ஒரு பிறந்தநாளில், யாரோ தலையணையைப் பற்றிக் கேட்க, அக்கா சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பஞ்சு கொட்டுது. ஜன்னல்ல இருக்கிற செடி மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா ஒட்டிக்குது. தினம் துடைக்கிறதே ஒரு வேலையாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு சுருங்கிவிட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. "சாப்பிட்டியா?" "ஆச்சு." "அங்க மழையா?" "லேசா." அவ்வளவுதான்.

பிறகு திடீரென்று ஒரு நாள் அக்கா இந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். மகளுக்குப் பிரசவம், அக்காவும் அவள் வீட்டுக்காரர் மாமாவும் துணைக்குப் போகிறார்கள், திரும்பி வர மாதக்கணக்காகும்.

"உன் வீட்டு ஜன்னல்லதான் காலை வெயில் படுது. அதுக்காகத்தான் இங்க கொண்டாந்தேன், வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

காலை வெயில் படும் ஜன்னல் ஊரில் எத்தனையோ இருக்கிறது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மூணு வருஷமா பூக்காம இருந்து இப்பத்தான் தண்டு விட்டிருக்கு. ஆறு மொட்டு, எண்ணிக்கோ. தண்ணி கொஞ்சமா ஊத்து, குருத்துல தேங்கக் கூடாது. மத்த நாலு தொட்டியும் என் வீட்லதான், பக்கத்து வீட்டம்மா வந்து தண்ணி ஊத்துவாங்க. இதை மட்டும் அவங்களை நம்பி விட மனசு வரல."

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா வாசல்வரை போய்த் திரும்பினாள். "அப்புறம், பஞ்சு படாமப் பார்த்துக்கோ."

குளிர்ந்த உச்சி அதே வேகத்தில் சூடாகிவிட்டது.

அதனால்தான் இந்தக் கூத்தெல்லாம். செடியில் முதல் வெள்ளைத் துணுக்கைப் பார்த்ததும் தையல் மிஷின் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போனது. அப்புறம் அறைக் கதவின் கீழே ஈரத்துணி. அப்புறம் கொசுவலை. செடியைக் காப்பாற்றி, பூவோடு அக்கா கையில் கொடுத்துவிட்டால், பழைய அக்கா திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு. ஆனால் பஞ்சு மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

வாட்ச்காரருக்கு மனைவி முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அழாதே. எந்த மூட்டைப் பஞ்சுன்னு பார்த்துச் சொல்றேன், அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டுடலாம்," என்று பையிலிருந்து தன் லென்ஸை எடுத்தார். கடிகாரத்தின் வயிற்றைப் பார்க்கக் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அது. சின்ன இடுக்கியால் துணுக்கு ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னங்க, என்ன மூட்டை?"

"இதுக்குக் கால் இருக்கு."

"எதுக்கு?"

"உன் பஞ்சுக்கு."

"விளையாடாதீங்க."

"நீயே பாரு. கட்டை விரல்கிட்டேயிருந்து சுண்டு விரலுக்குப் போய்க்கிட்டிருக்கு. அவசரமே இல்லாம, ரிடையர் ஆனவர் வாக்கிங் போற மாதிரி."

சின்னவள் லென்ஸைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். மாவில் புரட்டியெடுத்தது போல ஒரு குட்டிப் பிராணி. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பொடிப் பொடிக் கால்கள். நடந்தது.

"என் பஞ்சு இல்லை!" என்று கத்தினாள். "என் தையல்லேயிருந்து வரல! பூச்சிங்க! பூச்சி!" வாட்ச்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று சுற்றினாள். அவரும் சுற்றினார். உள்ளங்கையில் இருந்த பிராணி எங்கே விழுந்ததோ தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் சட்டென்று நின்றாள்.

"அப்போ செடி?"

மறுநாள் காலை, போனில் படம் பிடித்துக்கொண்டு செடிக்கடைக்கு ஓடினாள். வழியிலேயே உரக்கடைக்காரர் மடக்கி, படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய பாட்டிலை நீட்டினார். "இதை ஒரு தடவை அடிங்க, பூச்சி அத்தோட சரி."

"வீட்டுக்குள்ள அடிக்கலாமா?"

"அடிக்கலாம். ஆனா நீங்க வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

அவர் யோசித்தார். யோசித்த நேரத்தைப் பார்த்தே சின்னவள் நடையைக் கட்டிவிட்டாள்.

செடிக்கடைக்காரம்மா படத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "இலை பிசுபிசுன்னு இருக்கா?"

"ஆமா."

"எறும்பு வருதா?"

"வரிசையா வருது. நீங்கதான் சர்க்கரையைச் சிந்தினீங்கன்னு வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்துட்டேன்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்குங்க. இது மாவுப்பூச்சி. செடியோட சாறைக் குடிச்சிட்டுத் தித்திப்பாக் கழியும், அதை நக்கத்தான் எறும்பு வருது. மூணு வருஷம் பூக்கலைன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். சாறெல்லாம் இதுக்கே போனா செடி எங்க பூக்கும்?"

அவள் சொன்ன வைத்தியம் எளிமையானது. முதலில் செடியை வேறு செடிகளிலிருந்து தள்ளி வை. காயத்தைத் துடைக்கிற ஸ்பிரிட்டில் காது குடையும் பட்ஸை நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடு. ஓர் இலை ஓரத்தில் தொட்டுப் பார்த்து, மறுநாள் கருகவில்லையென்றால் மற்ற இலைகளுக்குப் போ. குருத்தில் ஸ்பிரிட் தேங்க விடாதே. மொட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அங்கே காய்ந்த தூரிகைதான். ஒரு தடவையோடு விட்டால் முட்டை பொரித்து மறுபடி வரும், வாரா வாரம் செய்.

பட்ஸ் பாக்கெட் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. சின்னவள் மூட்டையிலிருந்து ஒரு பிடிப் பஞ்சை எடுத்துப் பல்குத்தும் குச்சியில் சுற்றினாள். "பஞ்சுமேல விழுந்த பழி பஞ்சாலயே போகட்டும்," என்றாள்.

சமையல் மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் தொட்டி. ஒரு பக்கம் லென்ஸோடு வாட்ச்காரர், மறுபக்கம் குச்சியோடு சின்னவள்.

"அங்க ஒண்ணு, மூணாவது இலைக்கு அடியில. இன்னும் கீழ. ஆங், அதேதான். பக்கத்துல அதோட சம்சாரம்."

"சம்சாரம்னு எப்படித் தெரியும்?"

"அதுதான் பெருசா உட்கார்ந்துகிட்டு நகர மாட்டேங்குது."

குச்சியின் பின்பக்கத்தால் அவர் கையில் ஒரு குத்து விழுந்தது.

தண்டின் அடியில் காய்ந்த காகிதம் போல ஒட்டியிருந்த தோலை உரித்தபோது, உள்ளே ஒரு கூட்டமே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தார்கள். கடைசியாக எடுத்த ஒன்றை வாட்ச்காரர், திருகாணி போட்டு வைக்கும் குட்டிப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி, அதில் போட்டு மூடினார்.

"இது எதுக்கு?"

"சாட்சி. உங்க அக்கா சும்மா ஒத்துக்கிற ஆளா?"

"ஏங்க, அன்னைக்கு அக்கா வீட்டு ஜன்னல்ல ஒட்டியிருந்ததும்..."

"அதுவும் இதுவாத்தான் இருக்கும். போன் போட்டுச் சொல்லிடு."

சின்னவளுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் சொல்லவில்லை. "செடி பிழைக்கட்டும். இல்லைன்னா, நீதான் பூச்சியை விட்டு என் செடியைக் கொன்னுட்டேம்பா. அதுக்கு மேல நான் எதைச் சொன்னாலும் எடுபடாது."

அந்த வாரம் அக்கா வீடியோவில் வந்தாள். தோளில் பேரன், கண்ணில் தூக்கக் கலக்கம். முதல் கேள்வி: "மொட்டைக் காட்டு." சின்னவள் போனை மேலே தூக்கி மொட்டுகளை மட்டும் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணி முடித்த பிறகுதான் அக்கா, "நீ எப்படி இருக்க?" என்றாள்.

அடுத்த வாரம் பூச்சி குறைந்திருந்தது. அதற்கடுத்த வாரம் கூடியிருந்தது. இரண்டு பேரும் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தும் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. எறும்புதான் காட்டிக்கொடுத்தது. இலைப்பக்கம் ஏறாமல், தொட்டியின் அடி ஓட்டை வழியாக உள்ளே போய் வெளியே வந்தது. கரண்டிக் காம்பால் மேலே கிடந்த மரப்பட்டைத் துண்டுகளை விலக்கினார் வாட்ச்காரர். வேருக்கு நடுவே வெள்ளை.

செடிக்கடைக்காரம்மா போனில் பெருமூச்சு விட்டாள். "வேர்ல இருந்தா செடியைத் தொட்டியிலேயிருந்து எடுத்துத்தான் ஆகணும். பழைய பட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, வேரைக் கழுவி, புதுப் பட்டையில வைங்க. ஆனா மொட்டு இருக்கிறப்ப வேரைக் கலைச்சா செடி கோவிச்சுக்கும். மொட்டைக் கொட்டினாலும் கொட்டிடும்."

"எடுக்காம விட்டா?"

"பூ ஒருவேளை வரும். அப்புறம் செடி இளைச்சுக்கிட்டே போகும்."

சின்னவள் போனை வைத்துவிட்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். அக்கா வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சும்மா விட்டால் ஆறு பூவோடு கொடுக்கலாம். அக்கா வாய் நிறையப் பாராட்டுவாள். வேரில் இருப்பது அவளுக்குத் தெரியவும் தெரியாது.

"என்ன பண்ணலாம்?" என்று வாட்ச்காரர் மெதுவாகக் கேட்டார்.

"உங்ககிட்ட ஒரு வாட்ச் வருது. உள்ள துரு. மேல பாலிஷ் போட்டுக் கொடுத்துடுவீங்களா?"

"என்னைத் தெரிஞ்சுகிட்டே கேட்கிற பார்த்தியா?"

"அப்போ வாளியை எடுங்க."

செடியைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டினார்கள். அவர் தண்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவள் வெதுவெதுப்பான நீரில் வேர்களை ஒவ்வொன்றாக நீவினாள். கண்ணில் பட்ட பூச்சிகளை எல்லாம் குச்சியால் எடுத்தாள். அழுகிய வேரை மட்டும் வெட்டினாள். பழைய பட்டையைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வெளியே வீசினாள். தொட்டியைக் கொதிக்கிற நீரில் தேய்த்துக் கழுவிப் புதுப் பட்டையோடு செடியை வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றதில் முகமே சிவந்துவிட்டது.

"மூச்சு விடுங்க. மொட்டு அதுக்கெல்லாம் விழாது."

மூச்சு விட்டதற்கு விழவில்லை. ஆனால் சில நாளில் ஒரு மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்து இன்னொன்று. சின்னவள் இரண்டையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு அக்கா வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் சின்னவள் வீட்டில் நெட் சரியில்லாமல் போய்விட்டது. பூச்சி மட்டும் அப்புறம் கண்ணில் படவே இல்லை. எறும்பும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அக்காவும் மாமாவும் ஊர் திரும்பினார்கள். தங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் பையுமாக நேரே இங்கேதான் வந்து இறங்கினார்கள். அக்கா செருப்பைக் கழற்றியதும் ஜன்னலுக்குப் போனாள். அன்று காலைதான் முதல் மொட்டு விரிந்திருந்தது. வெள்ளைப் பூ, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு. அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். விரல் மொட்டு மொட்டாக நகர்ந்தது. எண்ணுகிறாள்.

"ஆறுல ரெண்டு எங்கடீ?"

சின்னவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். காய்ந்த இரண்டு மொட்டுகள்.

"விழுந்துடுச்சுக்கா. என்னாலதான். வேரைக் கலைச்சேன், அதனால. நெட் சரியில்லைன்னு சொன்னதும் பொய்தான்."

"வேரை ஏன்டீ கலைச்சே? யார் கலைக்கச் சொன்னா?"

வாட்ச்காரர் குட்டிப் பாட்டிலையும் லென்ஸையும் மேஜைமேல் வைத்தார். "அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க. அப்புறம் அடிக்கிறதுன்னா எங்க ரெண்டு பேரையும் சேர்த்து அடிங்க."

அக்கா பார்த்தாள். விடைத்தாளைப் பார்ப்பது போலப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பஞ்சுதானே?" என்றாள். பிறகு லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "இதுக்குக் கால் இருக்கே!"

"இருக்குக்கா."

"உன் வீட்ல எப்படிடீ வந்துச்சு?"

"என் வீட்ல வரலக்கா. வேர்வரைக்கும் குடியிருந்துச்சு. உன்கூடத்தான் வந்திருக்கு."

"சும்மா சொல்லாதே. என் வீட்ல ஒட்டினது உன் தலையணைப் பஞ்சு. நேத்துகூடப் பக்கத்து வீட்டம்மா போன்ல சொன்னாங்க, நாலு தொட்டியிலயும் பஞ்சு ஒட்டியிருக்குன்னு. நாற்காலியிலேயிருந்து எடுத்து அலமாரிமேல போட்டும் அந்தத் தலையணை இன்னும் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு!"

அதுவரை நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைச் செருமினார். ஒருமுறைக்கு இரண்டுமுறை செருமினார்.

"அலமாரிமேல தலையணை இல்லையே," என்றார்.

"எங்க போச்சு?"

மாமா எழுந்து பெரிய பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே துணி, அதே இரட்டைத் தையல். நடுவில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம்.

"நீ அலமாரிமேல போட்ட அன்னைக்கே எடுத்துக்கிட்டேன். ஒரு வருஷமா இதுலதான் தூங்குறேன், நீ வர்றதுக்குள்ள வேற தலையணை உறைக்குள்ள ஒளிச்சுடுவேன். பொண்ணு வீட்டுக்கும் இதைத்தான் கொண்டுபோனேன். இது இல்லைன்னா கழுத்து பிடிச்சுக்குது. ஒரு இழை வந்ததில்ல."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யார்கிட்ட? உன்கிட்டயா?" என்றார் மாமா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

சின்னவள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். வாட்ச்காரர் கூரையைப் பார்த்தார்.

அக்கா தலையணையை வாங்கினாள். ஓரத் தையலை நகத்தால் நெருடினாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பிறகு, தான் கட்டியிருந்த கருநீலப் புடவைமேல் வைத்து, ஓங்கி ஓங்கி நாலு அடி அடித்தாள். புடவையைக் குனிந்து பார்த்தாள். லென்ஸை வைத்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"தையல் நல்லாத்தான் போட்டிருக்க," என்றாள்.

அக்கா முழு மார்க் போட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தியே, அன்னைக்கே எழுந்து 'அது என் பஞ்சு இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன புலியா, சிங்கமா?"

மாமா தலையணையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு தை," என்றாள் அக்கா, பூவைப் பார்த்தபடியே. "கொஞ்சம் பெருசா."

"மாமாவோடது இருக்கேக்கா."

"அவர் தரமாட்டார். பிடியைப் பாரு."

ஜன்னலில் இருந்த தொட்டியை அக்கா தொடவில்லை. அவள் வீட்டில் நாலு தொட்டியிலும் பூச்சி இருக்கும்போது, தேறிய செடியை அங்கே எப்படிக் கொண்டுபோவது? பூத்து முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும், தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தினமும் என்ற சொல்லைச் சின்னவள் மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, கிளம்புங்க எல்லாரும்," என்று அக்கா புடவையை இழுத்துச் செருகினாள். "அந்தம்மா நாலு தொட்டியையும் ஒரே துணியால துடைச்சுக்கிட்டிருப்பாங்க. போய் நிறுத்தணும். ஸ்பிரிட்டை எடு. அந்த லென்ஸை எடுங்க. குச்சி இருக்கா?"

"இருக்குக்கா."

அக்கா வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அப்புறம், பஞ்சு நிறைய எடுத்துக்கோ."